அப்பாவுக்குப் பேச்சு இல்லை, சித்தப்பாவுக்குக் கை விழுந்ததே தெரியவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு சரியாகி, இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை அப்படியேதான் இருக்கிறது. பேச்சு வரவே இல்லை. எதைக் கேட்டாலும் "அதான்... அதான்" என்கிறார். ஒருநாள் கோபத்தில் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்தது, நாங்கள் எல்லோரும் திகைத்துப்போனோம். அவருடைய தம்பி, என் சித்தப்பாவுக்கு 59 வயது. இரண்டு மாதத்துக்கு முன் அவருக்கும் பக்கவாதம், இடது கை கால் விழுந்துவிட்டன. அவர் நன்றாகப் பேசுகிறார். ஆனால் "கை நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் பெரிசு பண்றீங்க" என்கிறார். தட்டில் இடது பக்கம் இருப்பதைத் தொடாமலே "இன்னும் போடு" என்கிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்று சித்தி அழுகிறார். சொந்தக்காரர்கள் "அண்ணனுக்குப் புத்தி போயிடுச்சு, தம்பிக்கு லேசாத்தான் வந்திருக்கு" என்கிறார்கள். ஒரே நோய் ஏன் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருக்கிறது? நாங்கள் பேசுவது அப்பாவுக்குப் புரிகிறதா? இருவரும் இன்னும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துபோவார்களோ என்று பயமாக இருக்கிறது. சந்திக்க வைக்கலாமா? இருவரின் ஸ்கேன் அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். "அண்ணனுக்குப் புத்தி போயிடுச்சு, தம்பிக்கு லேசாத்தான் வந்திருக்கு" என்பதில் இரண்டு பாதியும் தவறு. நீங்கள் அனுப்பிய அறிக்கைகளின்படி இருவருக்கும் அடைபட்டது ஒரே பெயருள்ள ரத்தக்குழாய்தான், சேதத்தின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கம், சித்தப்பாவுக்கு வலப்பக்கம். நீங்கள் பார்க்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது.

மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடை இருக்கும். உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடலுக்குள் போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கவும் அதற்குத் தெரியாது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு தமனிகள் மேலே ஏறி, மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-ல் அதை விளக்கிப் படத்தோடு வெளியிட்ட ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால்தான் இன்றும் அந்த வளையத்தை அழைக்கிறோம். அதிலிருந்து கிளைகள் பிரிந்து, ஒவ்வொன்றும் மூளையின் ஒரு பகுதிக்குப் பாய்கிறது. ஒரு வாய்க்கால் அடைபட்டால் ஊர் முழுக்கக் காய்வதில்லை, அந்த வாய்க்கால் பாயும் வயல்தான் காய்கிறது. பக்கவாதமும் அப்படித்தான். எந்தக் குழாய் அடைபட்டது, அது எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பதைப் பொறுத்துத்தான் எது போகும் எது நிற்கும் என்பது அமையும். குழாய் வெடித்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம் வரும். உங்கள் வீட்டில் இருவருக்கும் அடைப்புதான் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூளையின் இடப்பக்கம் கெட்டால் வலது கை ஏன் விழுகிறது என்று பலர் கேட்பதுண்டு. அசைவுக்கான கட்டளையைக் கொண்டுவரும் நரம்பு இழைகள், மூளை முதுகுத்தண்டோடு சேரும் இடமான முகுளத்தின் அடிப்பகுதியில் பெரும்பாலும் மறுபக்கம் தாண்டிவிடுகின்றன. அதனால் இடப்பக்க மூளை வலது கையை ஆள்கிறது, வலப்பக்க மூளை இடது கையை ஆள்கிறது.

அப்பாவுக்குக் கால் தேறிவிட்டது, கை தேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் காரணம் உண்டு. அசைவை ஆளும் மூளைப் பட்டை, தலையில் ஹெட்போன் மாட்டினால் அதன் வளைவு போகும் வழியில் ஏறக்குறைய கிடக்கிறது. அதில் முகமும் கையும் பக்கவாட்டில் இருக்கின்றன. காலுக்கான இடம் உச்சியைத் தாண்டி, இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவில் உள்ள பிளவுக்குள் இறங்கிவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு அடைபட்டது பக்கவாட்டுக்குப் பாயும் நடுத் தமனி, டாக்டர்கள் எம்.சி.ஏ. என்று சொல்வது. காலுக்கான இடத்துக்கு வேறொரு முன் தமனி பாய்கிறது, அது தப்பிவிட்டது. கைவிரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் அந்தப் பட்டையில் ஒதுக்கிய இடம் மிகப் பெரியது. முதுகு முழுவதற்கும் கொஞ்சம்தான். கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டும் அவருடைய சகாவும் அறுவை சிகிச்சையின்போது மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, 1937-ல் இந்த வரைபடத்தை வெளியிட்டார்கள். நுணுக்கமான வேலை செய்யும் உறுப்புக்கு நிறைய மூளை வேண்டியிருக்கிறது. அதனால்தான் விரல்கள் கடைசியில் திரும்புகின்றன.

இனி பேச்சு. உங்கள் அப்பாவின் "அதான்" எனக்கு உடனே ஒருவரை நினைவுபடுத்தியது. 1861-ல் பாரிஸ் அருகே ஒரு மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். என்ன கேட்டாலும் அவர் வாயில் வந்த சொல் "டான்" மட்டும்தான், அதனால் எல்லோரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டதும், அவர் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினார். இருபத்தியொன்று. அது சரியான கணக்கு! மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறையும் கேட்டபோது, தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு கோபமானார். முழுதாக ஒரு வசவு வாயிலிருந்து விழுந்தது. சில நாளில் அவர் இறந்ததும் மூளையைத் திறந்து பார்த்தார்கள். இடப்பக்கம், நெற்றிப் பகுதியின் கீழ்ப்புறம் கெட்டுப்போயிருந்தது. அந்த இடத்துக்குத்தான் இன்று புரோக்கா பகுதி என்று பெயர்.

அந்த விரல் கணக்கைப் பாருங்கள். சொல் இல்லாத ஒருவர் வருடங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், கேள்வியைப் புரிந்துகொண்டிருக்கிறார், தன்னைச் சோதிப்பதை உணர்ந்து அவமானப்பட்டிருக்கிறார். மருத்துவ மாணவனாக இதை முதலில் படித்தபோது புரோக்காவின் கண்டுபிடிப்பைவிட டானின் கோபம்தான் என் மனதில் நின்றது. உங்கள் அப்பாவின் வசவையும் அப்படித்தான் கேட்கிறேன். வாக்கியத்தை யோசித்துக் கட்டுவதற்கு இடப்பக்க மூளையின் மொழிப் பகுதி வேண்டும். வசவு, எண்களை வரிசையாகச் சொல்வது, மனப்பாடமான பாட்டு போன்றவை ஒரே துண்டாகப் பதிந்தவை. சேதமாகாத வலப்பக்கமும் அடி மூளையும் அவற்றுக்குப் பெரிதாகக் கைகொடுக்கின்றன. அவருக்குப் பிடித்த பாட்டின் முதல் வரியை நீங்கள் பாடி நிறுத்திப் பாருங்கள். அடுத்த வரி அவரிடமிருந்து வந்தாலும் வரலாம். இந்தத் திறனைக் கொண்டே, ராகத்தோடு இழுத்துச் சொல்லவைத்துப் பேச்சைப் பழக்கும் ஒரு சிகிச்சை முறை 1973 முதல் இருக்கிறது. உங்கள் ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேளுங்கள்.

அவருக்குப் புரிகிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். மொழியைப் புரிந்துகொள்வதில் முக்கியமான இடம் இன்னும் பின்னால், இடது காதுக்கு மேற்பக்கமாக இருக்கிறது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே அதை அடையாளம் காட்டினார். அங்கே அடிபட்டவர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. நாம் சொல்வதும் அவர்களுக்கு ஏறாது. உங்கள் அப்பாவின் அறிக்கையில் சேதம் முன்பக்கம்தான் அதிகம், பின்பகுதி பெரும்பாலும் தப்பியிருக்கிறது. அதனால் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி அவருக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். நீளமான, சுற்றி வளைத்த வாக்கியங்களும், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவதும் தப்பிப் போகும். வீட்டிலேயே சோதிக்கலாம். கைஜாடை இல்லாமல், முகத்தைப் பார்த்து, "ஜன்னலைக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு "கண்ணாடியைத் தொட்டுவிட்டுக் கதவைக் காட்டுங்கள்". எதுவரை சரியாகச் செய்கிறாரோ அந்த நீளத்தில் பேசுங்கள். தினமும் சோதிக்காதீர்கள், டானின் கோபம் உங்களுக்கும் கிடைக்கும்.

தலையாட்டலை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். இந்த நோயில், அஃபேசியா என்று சொல்வோம், ஆமாம் என்று நினைத்து இல்லை என்று தலையாட்டுவது சகஜம். கேள்வியை மாற்றி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டுமே" என்று தாளும் பேனாவும் கொடுக்கும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். பழுதானது மொழியே. அது நாக்கு வழியாக வந்தால் என்ன, விரல் வழியாக வந்தால் என்ன? எழுத்தும் பெரும்பாலும் அதே அளவு தடுமாறும். தாளை நீட்டிவிட்டு அவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பெரிய வேதனை. படங்கள் வைத்த ஒரு சிறு நோட்டு அதைவிட உதவும். டி.வி.யை அணையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள், அவர் பதில் தேடும்போது பத்து விநாடியாவது காத்திருங்கள். காது நன்றாகக் கேட்பவரிடம் கத்த வேண்டியதில்லை. குழந்தையிடம் பேசுவதுபோலவும் பேச வேண்டாம். வீட்டு விஷயங்களை, பண விஷயங்களை அவர் முன்னால் வைத்தே பேசுங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் அவர் எதிரிலேயே "புத்தி போயிடுச்சு" என்று சொன்னார்களானால், அதை அவர் கேட்டிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, சித்தப்பா.

சித்தியிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் விஷயம்: அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. கை விழுந்திருப்பது தெரியாமல் இருப்பது அவருடைய பக்கவாதத்தின் ஒரு பகுதி. 1914-ல் ஜோசஃப் பாபின்ஸ்கி இந்த நிலைக்கு அனோசோக்னோசியா என்று பெயர் வைத்தார், நோய் இருப்பதே நோயாளிக்குத் தெரியாத நிலை என்று பொருள். வலப்பக்க மூளையில், உச்சியிலிருந்து பின்பக்கமாக உள்ள பகுதி, நம் உடலும் சுற்றியுள்ள இடமும் பற்றிய ஒரு கணக்கை எப்போதும் வைத்திருக்கிறது. அங்கே அடிபட்டால் இடப்பக்கம் என்ற ஒன்றே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. இடது கை அசைகிறதா என்று நீங்கள் கேட்டால், அசையவில்லை என்ற தகவலே அவரிடம் வந்து சேர்வதில்லை. இல்லாத தகவலை மறைக்க முடியுமா?

தட்டும் அப்படியே. கண்ணில் கோளாறு என்று நினைத்து கண்ணாடி மாற்றுபவர்கள் உண்டு, பயன் இருக்காது. 1978-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் பிசியாக்கும் லுசாட்டியும் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இந்தக் குறை உள்ள மிலான் நகரத்துக்காரர்கள் இருவரிடம், ஊரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் கொண்டுவந்து, தேவாலயத்துக்கு எதிரே நின்று பார்ப்பதாக நினைத்து விவரிக்கச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடப்பக்கத்தை விட்டுவிட்டார்கள். இப்போது தேவாலயப் படியில் நின்று எதிர்த்திசையில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னதும், முன்பு விட்ட கட்டடங்களைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டார்கள். நினைவு முழுசாக இருந்தது. இடப்பக்கத்தைக் கவனிக்கும் திறன்தான் இல்லை, மனக்கண்ணில்கூட.

அப்பாவுக்கு ஏன் வலப்பக்கம் இப்படி மறையவில்லை? இடப்பக்க மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது. வலப்பக்க மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடப்பக்கம் கெட்டால் வலப்பக்கம் ஈடுகட்டிவிடும், வலப்பக்கம் கெட்டால் ஈடுகட்ட ஆள் இல்லை.

சித்தப்பா நன்றாகப் பேசுவதால்தான் "லேசு" என்ற பெயர் வந்தது. உண்மையில் இந்த நிலைதான் அதிக ஆபத்து. கால் வேலை செய்யவில்லை என்பதை அறியாதவர் எழுந்து நடக்கப் பார்ப்பார், விழுவார். இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். இடது கை உடலுக்கு அடியில் மாட்டி நசுங்கினாலும் சொல்ல மாட்டார். வண்டி ஓட்டுவது அறவே கூடாது, நெருப்புப் பக்கம் தனியே விடக் கூடாது. பயிற்சியிலும் இவர்களே மெதுவாகத் தேறுகிறார்கள், நோய் இல்லை என்று நம்புபவர் பயிற்சிக்கு ஏன் உட்கார வேண்டும்? வாதம் செய்து ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். சாப்பாட்டின் நடுவில் தட்டைத் திருப்பி வையுங்கள். படிக்கும் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, "சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்புங்கள்" என்று பழக்குங்கள். முக்கியமான பேச்சை வலப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், சாதாரணப் பேச்சுக்கு மெல்ல மெல்ல இடப்பக்கம் நகருங்கள். கை விழுந்ததை மறுப்பது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் குறைந்துவிடும். இடப்பக்கத்தைக் கவனிக்காமை அதைவிட நாள் பிடிக்கும்.

ஸ்கேனில் சேதத்தின் அளவைப் பார்த்துக் கலங்குபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். மூளையின் ஆழத்தில், அசைவு இழைகள் எல்லாம் கட்டாக நெருங்கி இறங்கும் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அங்கே 15 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி விழுந்தால் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிடும், பேச்சும் அறிவும் துளியும் குறையாது. மூளைத்தண்டின் நடுப்பகுதியில் பெரிய அடைப்பு வந்தால் கை கால் வாய் எல்லாம் நின்றுபோய், முழு நினைவோடு கண்ணை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சிறுமூளையில் வந்தால் கை கால் விழாது. தலைசுற்றலும் வாந்தியும் தள்ளாட்டமும் வரும், வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். பிடரிப் பக்கம் வந்தால் பார்வையில் பாதி போகும். 1892-ல் டெஜரின் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த, அந்தப் பக்கம் அடிபட்ட ஒருவர் தடையில்லாமல் எழுதினார், தான் எழுதியதையே அவரால் படிக்க முடியவில்லை.

தேறுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன்பின் மெதுவாகும். ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனிப் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒரு வருடம் தாண்டியும் சொற்கள் கூடுவதைப் பார்க்கிறோம். பழைய மாதிரி முழுசாக வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பயிற்சியை நிறுத்தக் கூடாது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, சொல்ல வாயில்லாதவருக்கு அது வெளியே தெரிவதில்லை. அப்பா சாப்பாட்டை ஒதுக்கினால், பயிற்சியைத் தவிர்த்தால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

இருவரும் மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது, பி.பி. கட்டுக்குள் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவருக்கும் வந்திருப்பதால் நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் பி.பி.யும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி யாருக்காவது வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென்று பார்வையோ நடையோ தடுமாறினாலோ, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பில் கம்பி வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சையைத் தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறோம். ஆனாலும் பெரிய அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விடியட்டும் என்று காத்திருக்க இதில் நேரம் இல்லை.

அப்புறம், உங்கள் கடைசிக் கேள்வி. சந்திக்க வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தம்பி ஏன் வரவில்லை என்று அப்பா இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருப்பார், கேட்கத்தான் வாய் இல்லை. அதனால் முதலில் அவரிடம் சித்தப்பாவுக்கு நடந்ததை இரண்டு மூன்று சின்ன வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். சித்தப்பாவிடம், அண்ணன் பேச நேரமாகும், நீங்கள் பேசி நிரப்பிவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். அப்பா அழலாம். பக்கவாதத்துக்குப் பிறகு அழுகை கொஞ்சம் கட்டுப்பாடு இல்லாமல் வரும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் போதும், கூட்டம் வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கும்போது அப்பா சித்தப்பாவின் வலப்பக்கத்தில் இருக்கட்டும். அங்கே இருந்தால்தான் சித்தப்பாவின் கவனத்தில் அண்ணன் இருப்பார். அப்பாவின் நல்ல கை இடது, சித்தப்பாவின் நல்ல கை வலது. அப்படி உட்கார்ந்தால் அந்த இரண்டு கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.